ஊரார் வருகிறார்கள், இருக்கிறார்கள், போகிறார்கள்

சென்ற வைகாசியில் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இருக்கிற இஷொயில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தேன். கேக் வெட்டி முடிந்து நான் மிக்சர்த் தட்டோடு ஒரு மூலையில் இருந்தபோது மூன்று பிள்ளைகள் வந்து சுற்றி இருந்தார்கள். மூன்று பேரும் இங்கே பிறந்தவர்கள். மூன்று பேரும் நாடக அரங்குகளில் மேடைக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி வெளிச்சம், ஒருவன் ஒலி, மற்றவள் உடை. டொக்டர், எஞ்சினியர் என்று பிள்ளைகளைக் காட்டித் திரிகிற எங்கள் சனத்தில் இவர்களைப் பற்றிப் பெற்றோர் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். அதனாலோ என்னவோ, என்னைக் கண்டதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். வெளிச்சக்காரி பாதி டெனிஷும் பாதி தமிழுமாகக் கேட்டாள்:

"அன்ரி, நீங்கள் விட்ட ஆகப் பெரிய பிழை என்ன?"

நான் ஒரு கதை சொன்னேன். கொலைக் காட்சிக்குக் கத்தி வைக்க மறந்து, நடிகர் வேறு வழியில்லாமல் எதிராளியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கதை. எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதைக்கு எப்போதும் சிரிப்பார்கள், அதனால்தான் அதை எல்லா இடமும் சொல்லித் திரிகிறேன். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது மனம் குறுகுறுத்தது. கத்தியை மறந்தது பிழை அல்ல, மறதி. பிள்ளை கேட்டது வேறு.

ஆகவே இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் செய்கிற வேலை என்னவென்று அம்மாமாருக்கும் ஒருநாளாவது தெரியட்டும்.

என்னுடைய வேலையை டெனிஷில் ரெக்விசிற்றர் என்பார்கள். மேடையில் நடிகரின் கை படுகிற பொருள் எதுவென்றாலும் அது என் பொறுப்பு. கோப்பை, கடிதம், குடை, சவப்பெட்டி எல்லாம். மேற்கு யூலன்டில் ஒரு சின்ன நகரம், ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து காரில் அரை மணித்தியாலம். அங்கேயிருந்த அரங்குக்கு முதலில் துப்புரவு வேலைக்குத்தான் போனேன். இரண்டாம் வருஷம், பொருள் அறையில் இருந்த மனுசி ஓய்வு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் கூட்டித் துடைக்கிற நான்தான் என்று அதன்பிறகுதான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். என் பதவி உயர்வு அப்படி வந்தது.

இந்தக் கதையில் வருகிற ஐரிஷ்காரரை அந்தக் காலத்தில்தான் முதலில் கண்டேன். பெயர் சொல்லமாட்டேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் அவருடைய ஊர். ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு தேவாலயம், நாலு பியர்த் தவறணை. டெனிஷ்காரி ஒருவரைக் கலியாணம் முடித்துக் கோப்பன்ஹேகனில் இருந்தார். தபால் தரம் பிரிக்கிற வேலை. வேலை முடிந்து வந்து நாடகம் எழுதுவார், மனைவி அதை டெனிஷில் மொழிபெயர்ப்பார். தலைநகரத்து அரங்குகள் எல்லாம் திருப்பி அனுப்பிய அவருடைய முதல் நாடகத்தை எங்கள் அரங்கு எடுத்தது.

வந்த முதல் நாளே என்னோடு கொழுவினார். குசினிக் காட்சியில் தண்ணீர் கொதிக்கவைக்க நான் நல்லதொரு நீலக் கேத்தில் தேடி வைத்திருந்தேன். மனுசன் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் தெருவில் ஒருவரும் நீலக் கேத்தில் வைத்திருக்கவில்லை என்றார். மேற்கு யூலன்டில் யாருக்கு அது தெரியப்போகிறது என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்," என்றார். கோபத்தோடு அதற்குக் கறுப்பு மை அடித்தேன். அடித்து மேடையில் வைத்துப் பார்த்தபோது, விசர் மனுசன் சொன்னது சரிதான் என்று பட்டது. அந்தக் குசினி சட்டென்று யாரோ குடியிருக்கிற குசினியாகிவிட்டது.

அதன்பிறகு எப்போது வந்தாலும் என் அறைக்குத்தான் முதலில் வருவார். அங்கே பழைய நாடகம் ஒன்றின் அரச சிம்மாசனம் கிடந்தது. அதில் ஏறி இருந்துகொண்டு கோப்பி குடிப்பார். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது டெனிஷில். இரண்டு பேருடைய டெனிஷும் மற்றவர்களுக்கு நெற்றி சுருக்காமல் விளங்காது. எங்களுக்குள் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. இப்போது நினைத்தால் அவர் தமிழில் கதைத்தது போலத்தான் காதில் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாடகம் ஓடு ஓடென்று ஓடியது. திருப்பி அனுப்பிய கோப்பன்ஹேகன்காரர் இப்போது தாங்களே கேட்டு வந்தார்கள். பிறகு ஜேர்மனி, பிறகு டப்ளின். கடைசியில் அவருடைய சொந்த ஊரின் பொதுமண்டபம்.

அந்த நாடகத்தில் ஒரு பெண் வருவாள். அமெரிக்கா போன மாப்பிள்ளை திரும்பி வரவில்லை. கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைச் சாம்பல் நிறச் சாயத்தில் தோய்த்து, அதை உடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். எங்கள் அரங்கில் அந்த இடத்தில் சனம் மூக்கை உறிஞ்சும். அவருடைய ஊரில் ஒருவரும் அழவில்லையாம். மண்டபம் முழுக்கத் தலையைத் திருப்பி மூன்றாம் வரிசையைப் பார்த்ததாம். அங்கே அவருடைய அக்கா இருந்தார்.

அக்கா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, பதினாறு வருஷம்.

அவர் அதற்குப் பிறகும் ஐந்து நாடகம் எழுதினார். எல்லாம் அதே தெரு, அதே பாலம். பரிசெல்லாம் கிடைத்தது, தபால் வேலையை விட்டார், பேப்பர்களில் படம் வந்தது. பத்திரிகைக்காரர் ஏன் வேறு இடத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று கேட்டால் தனக்கு வேறு இடம் தெரியாது என்பார். ஆனால் அந்த ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஊரில் தன்னைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று ஒருமுறை சிம்மாசனத்தில் இருந்தபடி எனக்குச் சொன்னார். 'எங்களை வித்துச் சாப்பிடுறான், எங்களை மறந்தும் போனான்' என்கிறார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோப்பியை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஆறாவது நாடகம், அவருடைய கடைசி நாடகம், மறுபடியும் எங்கள் அரங்கில்தான் முதலில் மேடையேறியது. கோப்பன்ஹேகனிலும் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். நெறியாளர் புதிசு, இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, அவளுக்கு அது இரண்டாவது நாடகம். கதை ஒரே நாளில் நடக்கிறது. தாய் செத்து வீட்டில் கிடத்தியிருக்கிறது, வெளிநாட்டில் இருந்த மகன் வந்து நிற்கிறான். நடுவில் ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக விட்டு மூன்றே மூன்று வரி எழுதியிருந்தார்:

ஊரார் வருகிறார்கள். இருக்கிறார்கள். போகிறார்கள்.

அவ்வளவுதான். வசனம் இல்லை. நெறியாளர்ப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டென்மார்க்கில் செத்தவீடென்றால் உங்களுக்குத் தெரியுந்தானே. தேவாலயத்தில் இருபது பேர், பிறகு கோப்பி, பிறகு அவரவர் வீடு. அவள் அதுவரை செத்த உடம்பையே கண்டதில்லையாம். எழுதியவரைக் கேட்கலாமென்றால் அவர் இருதயத்தில் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார், கரைச்சல் கொடுக்கவேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தார். பிள்ளை புத்தகத்தோடு என் அறைக்கு வந்தாள். உங்கள் ஆட்களின் செத்தவீட்டுக்கு ஊரே வருமாமே, எப்படி நடக்கும் என்று கேட்டாள்.

அவருக்கு ஒரு டெலிபோன் எடுத்துப் பார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. நான் சொன்னது, "தேவையில்லை, எனக்குத் தெரியும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு கன நாள் யோசித்திருக்கிறேன். அந்த அரங்கில் அத்தனை வருஷமும் என்னிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அது எங்கே இருக்கிறது? இது எப்படி, இதற்கு என்ன கருத்து என்று ஒருவரும் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒருத்தி கேட்டாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும். வந்தவர்களை ஒருவரும் வாங்கோ என்று கூப்பிடக்கூடாது. பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. அடுப்பு எரியக்கூடாது, உடம்பு போகும்வரை அந்த வீட்டில் சமையல் இல்லை. கறுப்புக் கேத்திலை நானே என் கையால் மேடையை விட்டு எடுத்தேன். முக்கியமாக, போகும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. செத்தவீட்டில் அப்படிச் சொல்வதில்லை. எழும்பவேண்டும், சொல்லாமல் போகவேண்டும்.

காட்சி அருமையாக வந்தது. பத்து நடிகர்கள் வெறுங்காலோடு சத்தமில்லாமல் வந்து, இருந்து, ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லாமல் போனார்கள். எழுபது வயது தாண்டிய ஒரு நடிகை, வாழ்நாளில் மேடையில் காணாதது எல்லாம் கண்டவர், ஒத்திகையிலேயே அழுதுவிட்டார். நான் மேடைக்கரையில் மாப்பிள்ளையின் தாய் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

முதல் காட்சிக்கு முந்திய நாள் பின்னேரம் கடைசி ஒத்திகை. ஐரிஷ்காரர் வந்தார். மெலிந்து, கையில் தடியோடு, ஏழாம் வரிசையில் தனியே இருந்து பார்த்தார். முடிந்ததும் நெறியாளரிடம் போய், மிக அழகு என்று சொல்லிக் கையைப் பிடித்தார். பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு வழக்கம்போல என் அறைக்கு வந்து சிம்மாசனத்தில் இருந்தார். நான் கோப்பி ஊற்றினேன், பாராட்டுக்குக் காத்துக்கொண்டு.

"ஊரார் வாற இடம் உம்மடை வேலையாம்," என்றார்.

ஓம் என்றேன்.

"வடிவாய் இருந்தது. ஆனா அது எங்கடை ஊர் இல்லை."

கோப்பிப் போத்தலை வைத்துவிட்டு நின்றேன். அவர் ஆறுதலாக, கோபமில்லாமல் சொன்னார். அவர்களுடைய ஊரில் செத்தவீட்டில் கேத்தில் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லையாம். தேத்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், இறைச்சி வைத்த பாண் அடுக்கி அடுக்கி வரும், சனம் கதைக்கும், சிரிக்கவும் சிரிக்கும். வருகிற ஒவ்வொருவரும் முதலில் வீட்டுக்காரர் நிற்கிற வரிசையால் போய், ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து ஒரே வசனத்தைச் சொல்லவேண்டும். 'உங்கடை துயரத்துக்கு வருந்துறன்.' போகும்போதும் கைகொடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"இருவது வருஷம் எல்லை வழக்குப் பேசினவனும் வருவான். வந்தா அவன் கை குடுக்கவேணும், நான் பிடிக்கவேணும். அதிலை ஒருத்தருக்கும் விலக்கு இல்லை. நான் இந்த நாடகத்தை எழுதினதே அந்தக் கையளுக்காகத்தான்."

பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய தாய் இறந்தபோது புறப்பட்டுப் போனவர், டப்ளின் விமான நிலையத்தோடு நின்றுவிட்டார். ஊருக்குப் போகிற பஸ்சின் ரிக்கற் கையில் இருந்ததாம். வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். வருகிறவர்கள் அக்காவுக்குக் கைகொடுத்துவிட்டுத் தன்னைத் தாண்டிப் போனால்? ஐந்து மணித்தியாலம் அங்கேயே இருந்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"இந்தமுறை அக்காவைக் கூப்பிட்டு எழுதினன். தபால் காட் போட்டிருக்கிறா. வாறன், ஆனா கடைசிவரை இருப்பன் எண்டு சொல்லமாட்டன் எண்டு. நாளைக்கு மத்தியானம் பில்லுண்ட் விமான நிலையத்திலை வந்து இறங்கிறா."

அவர் மேலே சொல்லத் தேவையில்லை. அக்கா வந்து பார்க்கப்போவது, தம்பிக்குச் செத்தவீடு எப்படி நடக்கும் என்பதே மறந்துபோய்விட்டது என்பதை. ஊர் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை என்பதை. அதற்கு நான் செருப்பைக் கழற்றி, கேத்திலை இறக்கி, எல்லா ஆயத்தமும் செய்து வைத்திருந்தேன்.

நெறியாளரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கடைசி நாளில் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுகிற எழுத்தாளர்களைத் தான் கண்டிருப்பதாகவும், அந்தப் பிள்ளைக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை என்றும் சொன்னார். "மூண்டு வரி மட்டும் எழுதினது நான். பிழை என்ரை," என்று சொல்லித் தடியை ஊன்றிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகள், நான் கொஞ்ச நேரம் அந்தச் சிம்மாசனத்தில் இருந்தேன். உங்களுக்கு உண்மை சொல்வதென்றால், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மூன்று வரியை எழுதிவிட்டு ஊரெல்லாம் விளங்கிக்கொள்ளவேண்டுமென்றால் எப்படி? அடுத்தது பயம். எனக்கும் அவருக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேப்பரில் அந்தக் காட்சியைத்தான் புகழ்ந்து எழுதப்போகிறார்கள். போய்ச் சொன்னால், இந்த அரங்கில் இருக்கிற ஒரேயொரு வெளிநாட்டு மனுசியை முதல் தடவையாக நம்பினோம், அவ கவிழ்த்துவிட்டா என்று ஆகும். இனி என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அரங்கு நிறைய இருக்கப்போகிற சனத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தானே தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

நினைத்தவுடன் நீலக் கேத்தில் ஞாபகம் வந்தது. தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் போதும், அது பிழைதான்.

நெறியாளர் கன்ரீனில் டெனிஷ்காரரின் கறுத்த றை பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் போய் இருந்து, நான் சொல்லித்தந்தது பிழை, அது அவருடைய ஊரல்ல, என்னுடையது என்றேன். அவள் நம்பவில்லை. அவரே அழகென்று சொன்னாரே என்றாள்.

"அழகு எண்டுதான் சொன்னவர், பிள்ளை. சரி எண்டு சொல்லேல்லை."

அவள் பாணைத் தட்டில் வைத்தாள். தெரியும் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள். தெரியுமென்றுதான் நினைத்தேன் என்றேன். அவள் அழப்போகிறாளோ என்று பயந்தேன், அழவில்லை. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு எல்லாரையும் கூப்பிடுகிறேன், முன்னால் நின்று இதை நீங்களே எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்றாள். நியாயந்தான். வீட்டுக்கு வந்து ஹோட்டலுக்கு டெலிபோன் எடுத்து அவரையும் ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன். வாறன் என்றார். பிறகு, எத்தனை கோப்பை இருக்கிறது என்று கேட்டார்.

காலையில் முப்பது பேருக்கு முன்னால் என்னுடைய டெனிஷில் என் பிழையைச் சொன்னேன். வாழ்க்கையில் அதற்குமுன் அப்படி நின்று பேசியது அகதி விசாரணை அறையில்தான். அழுத நடிகைக்குத்தான் பெரிய மனத்தாங்கல், அப்படியென்றால் நான் எதற்கு அழுதேன் என்று கேட்டார். வெளிச்சக்காரர் தலையில் கைவைத்தார். வெளிச்சக்காரிப் பிள்ளை, நீயும் அவருக்காக என்னைத் திட்டலாம். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

என்னிடம் ஒரே மாதிரியான கோப்பை ஆறுதான் இருந்தது. எங்கள் கலியாணங்களுக்கு வாடகைக்கு எடுக்கிற பொதுமண்டபத்தில் நூறு வெள்ளைக் கோப்பை உண்டு, கொண்டுவருகிறேன் என்று மண்டபச் சாவி வைத்திருக்கிற திறப்புக்காரருக்கு டெலிபோன் எடுக்கப் போனேன். எடுக்கமுதல் கேட்கவேண்டும் என்ற புத்தி இந்தமுறை வந்தது. கேட்டேன். ஐரிஷ்காரர் வேண்டாமென்றார். செத்தவீட்டுக்குக் கோப்பை அயலட்டை வீடுகளில் இருந்துதான் வருமாம், ஒன்றைப்போல ஒன்று இருக்கக்கூடாது.

ஆகவே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், வீட்டில் இருந்து இரண்டு இரண்டு கோப்பை கொண்டுவாருங்கள் என்று. நடிகர்கள் கொண்டுவந்தார்கள், ரிக்கற் விற்கிற மனுசி கொண்டுவந்தார். ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து என் சிநேகிதி தங்க விளிம்பு போட்ட, விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டு, உடைந்தால் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். பாணை மேலேயும் கீழேயும் மூடிக் குறுக்கே வெட்ட வேண்டுமென்றபோது, டெனிஷ் வழக்கப்படி பாணை மூடாமலே சாப்பிட்டுப் பழகிய ரிக்கற் மனுசிக்குப் பொறுக்கவில்லை. மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

மேடையில் அவர் நடிகர்களை வரிசையாக நிற்க வைத்தார். எப்படிக் கைகொடுப்பது, எவ்வளவு நேரம் பிடிப்பது, கண்ணைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா எல்லாம் சொல்லிக்கொடுத்தார். வரிசையின் கடைசியில் தானே நின்றுகொண்டார். பத்துப் பேரும் ஒவ்வொருவராக அவருடைய கையைப் பிடித்து அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஐந்து தடவை செய்தார்கள். ஆறாம் தடவை, போதும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய் ஏழாம் வரிசையில் இருந்தார்.

அக்காவுக்கு ஐந்தாம் வரிசையில் ஓரத்து இருக்கை போடச் சொல்லியிருந்தார், எழும்பிப் போவதென்றால் ஒருவரையும் தாண்டாமல் போகட்டும் என்று. சின்ன உருவம், பச்சைக் கோட். அரங்குக்குள்ளேயும் அதைக் கழற்றவில்லை. மேடைக்கரைத் திரை இடுக்கால் நான் நாடகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடையில் கேத்தில் கொதித்தது. ஊரார் வந்தார்கள். கை மாறிக் கை, அதே வசனம், தேத்தண்ணீர், பாண், ஒரு மூலையில் சிரிப்பு. எல்லை வழக்குக்காரன் வந்து மகனுக்கு முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு கையை நீட்டினான். பச்சைக் கோட் முன்னால் சரிந்தது. அக்காவின் வலது கை மடியில் இருந்து கொஞ்சம் எழும்பி மறுபடியும் மடிக்குப் போனதை நான் கண்டேன்.

ஊரார் ஒவ்வொருவராகக் கைகொடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாகப் போகவேண்டியவர் அந்த வயதான நடிகை. ஐந்து கிழமைப் பழக்கத்தை ஒரு காலையில் மாற்றினால் என்ன நடக்கும்? மனுசி மறந்துவிட்டார். கோப்பையை வைத்து, எழும்பி, ஒருவருக்கும் கைகொடுக்காமல், ஒரு சொல்லும் சொல்லாமல், எங்கள் முறைப்படியே போய்விட்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐரிஷ்காரர் ஏழாம் வரிசையில் தலையைத் திருப்பி மேடைக்கரையை, நான் நிற்கிற பக்கத்தைப் பார்த்தார்.

அக்கா கடைசிவரை இருந்தார்.

முதல் காட்சி முடிந்தால் முன்மண்டபத்தில் வைனும் பேச்சும் இருக்கும். நான் கோப்பைத் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். ஐரிஷ்காரர் சனத்துக்கு நடுவில் நின்றார். பச்சைக் கோட் சனத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தது. அவர் இரண்டு கையையும் பாதி தூக்கினார், கட்டிப்பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல். அக்கா கட்டிப்பிடிக்கவில்லை. வலது கையை நீட்டினார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரே வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

உங்கடை துயரத்துக்கு வருந்துறன்.

தாய் செத்து மூன்று வருஷம். அவர் வரிசையில் நிற்காதபடியால் அதுவரை ஒருவரும் அவரிடம் சொல்லாத வசனம் அது. அவர் அந்தக் கையை விடவில்லை. நான் தட்டோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். சிநேகிதியின் தங்க விளிம்புக் கோப்பைகள் கிலுகிலு என்று ஆடின.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா அவரிடம் வேறேதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம் வந்து மொழிபெயர்த்தார். கேத்தில் சரியாம், பாணுக்குள் இறைச்சி காணாதாம்.

உங்களுக்கு இதில் இருந்து என்ன சொல்லவேண்டும் என்று யோசித்தால், ஒன்றுதான் வருகிறது. தெரியாததைப் பற்றி நாங்கள் கேட்போம், அதில் ஆபத்தில்லை. கிட்டத்தட்ட எங்களுடையதைப் போல இருக்கிறதே, அங்கேதான் கேட்காமல் விடுவோம். உங்களிடமும் ஒருநாள், உங்கள் ஆட்களில் இது எப்படி என்று கேட்பார்கள். சந்தோஷமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, எழுதியவருக்கு ஒரு டெலிபோன் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நெறியாளர் பிறகும் இரண்டு நாடகத்துக்கு என்னிடம் வந்து கேள்வி கேட்டாள். நான் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. அந்த நாடகம், அச்சில். கடிதம் ஒன்றுமில்லை, ஒரு பக்கத்தில் பஸ் ரிக்கற் ஒன்று அடையாளத்துக்கு வைத்திருந்தது. டப்ளினில் இருந்து அவருடைய ஊருக்கு. இந்தமுறை கிழித்துப் பாவித்த ரிக்கற். அந்தப் பக்கத்தில் மூன்று வரி ஐந்து வரியாகியிருந்தது.

ஊரார் வருகிறார்கள். இருக்கிறார்கள். போகிறார்கள். ஒருத்தி மட்டும் சொல்லாமல் போகிறாள். அவள் வேறு ஊர்.

போன மாசியில் அவர் காலமானார். நான் ரயில் எடுத்துக் கோப்பன்ஹேகன் போனேன். தேவாலயத்தில் முப்பது பேர் இருக்கும். பிறகு பக்கத்து மண்டபத்தில் கோப்பி. டெனிஷ்காரர் வரிசையில் நிற்பதில்லை, ஆனால் பச்சைக் கோட் போட்ட அக்கா, தம்பியின் மனைவியைக் கையில் பிடித்துக் கதவடியில் தனக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். நான் இரண்டு பேருடைய கையையும் பிடித்து அந்த வசனத்தை, அவர்கள் முறைப்படி, பிழையில்லாமல் சொன்னேன். கோப்பி குடித்தேன். பாணும் சாப்பிட்டேன், மூடின பாண்.

ரயிலுக்கு நேரமானது. மற்றவர்கள் கட்டிப்பிடித்து, நன்றி சொல்லி, விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தேன். தெருவில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு டெனிஷ்காரி என்னைக் காட்டி அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அந்த மனுசியின் பக்கம் திரும்பி ஒரு சின்ன வசனம் சொன்னார், மூன்று சொல் இருக்கும்.

கண்ணாடிக்கு வெளியே எனக்கு அது கேட்கவில்லை. 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லை விட்டுக் கன காலம். ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியும்.